வசன எண்ணும் பக்க எண்ணும்: குர்ஆன் அடுக்கப்பட்டிருக்கும் விதம்

குர்ஆனில் மொத்தம் 6,666 வசனங்கள் என்று காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். மேடைப் பேச்சில் வரும், வினாடி வினாவில் வரும், சில நூல்களின் முன்னுரையிலும் வரும். கையிலிருக்கும் பிரதியை எடுத்து ஒவ்வோர் அத்தியாயத்தின் கடைசி எண்ணையும் கூட்டிப் பாருங்கள். 7, 286, 200, 176, 120 என்று தொடங்கி 114ஆம் அத்தியாயத்தின் 6 வரை கூட்டினால் 6,236 வரும். அத்தியாயத் தலைப்பில் எண்ணில்லாமல் நிற்கும் 112 பிஸ்மில்லாஹ்களையும் ('அல்லாஹ்வின் பெயரால்' என்னும் தொடக்க வரி) சேர்த்தால் 6,348. 6,666 எந்தக் கூட்டலிலும் வராது. நினைவில் வைக்க எளிது என்பதைத் தவிர அந்த எண்ணுக்கு வேறு தகுதி கிடையாது.

அந்த 6,236கூட ஒரேயொரு கணக்கு இல்லை. அது கூஃபா நகரத்து அறிஞர்கள் வழிவந்த எண்ணிக்கை. பஸ்ராவின் கணக்கு 6,204. வட ஆப்பிரிக்காவில் வர்ஷ் ஓதல் முறையில் அச்சாகும் பிரதிகள் மதீனாவின் பிந்தைய கணக்கைப் பின்பற்றுகின்றன, அதில் 6,214. 1924இல் கெய்ரோவில் வெளியான அரசுப் பதிப்பு கூஃபாக் கணக்கை எடுத்துக்கொண்டது. இன்று உலகின் பெரும்பாலான பிரதிகளிலும் செயலிகளிலும் அந்த எண்கள்தான் இருக்கின்றன. இந்த வேறுபாடெல்லாம் எந்த இடத்தில் நிறுத்தி ஒன்று என்று எண்ணுவது என்பதில் மட்டுமே. கணக்கு குறைவதால் ஒரு சொல்லும் குறைந்துவிடுவதில்லை.

முதல் அத்தியாயத்திலேயே இதைக் கண்ணால் பார்க்கலாம். அல்ஃபாத்திஹாவுக்கு ஏழு வசனங்கள் என்பதில் எல்லோரும் ஒன்றுபடுகிறார்கள். 15:87இல் (15ஆம் அத்தியாயம், 87ஆம் வசனம்) வரும் 'திரும்பத் திரும்ப ஓதப்படும் ஏழு' என்பது இதைத்தான் குறிக்கிறது என்பது பரவலான விளக்கம். ஆனால் அந்த ஏழை எப்படிப் பிரிப்பது? கூஃபாவும் மக்காவும் பிஸ்மில்லாஹ்வை முதல் வசனமாக எண்ணுகின்றன. 'ஸிராத்தல்லதீன' என்பதிலிருந்து கடைசிவரை ஒரே வசனம், ஏழாவது. மற்ற கணக்குகள் பிஸ்மில்லாஹ்வை எண்ணுவதில்லை. அங்கே 'அல்ஹம்து' முதல் வசனம்; கடைசிப் பகுதி 'அன்அம்த அலைஹிம்' என்ற இடத்தில் வெட்டப்பட்டு ஆறாகவும் ஏழாகவும் ஆகிறது. முன்னால் ஒன்றை விட்டுப் பின்னால் ஒன்றைக் கூட்டுகிறார்கள்; ஏழு ஏழாகவே இருக்கிறது.

அடுத்த பெரிய வேறுபாடு 29 அத்தியாயங்களின் தொடக்கத்தில் தனித்து நிற்கும் எழுத்துகளில். கூஃபாக் கணக்கில் அலிஃப்-லாம்-மீம் ஒரு முழு வசனம். அந்தக் கணக்கில் அல்பகராவுக்கு (2) 286. மதீனாக் கணக்கில் 285. ஆனால் கூஃபா எல்லா எழுத்துகளையும் அப்படி எண்ணுவதில்லை. அலிஃப்-லாம்-றா, அலிஃப்-லாம்-மீம்-றா, 27இன் தா-ஸீன், 38இன் ஸாத், 50இன் காஃப், 68இன் நூன் ஆகியவற்றில் எழுத்து தனி வசனமாகாமல் அடுத்த சொற்களோடு சேர்ந்துதான் முதல் வசனம். 26இன் தா-ஸீன்-மீம் தனி வசனம், பக்கத்திலேயே 27இன் தா-ஸீன் தனி வசனம் இல்லை. 42ஆம் அத்தியாயத்தில் ஹா-மீம் ஒன்று, ஐன்-ஸீன்-காஃப் இன்னொன்று என இரண்டு. இதற்கு விதி தேடி அலுத்துப்போக வேண்டாம். ஓதிக் கேட்டு வாய்வழியாக வந்த கணக்கு இது.

வசனம் என்றால் வாக்கியம் என்று நினைத்துக்கொள்வதுதான் அடுத்த சிக்கல். வசன முடிவைப் பெரும்பாலும் தீர்மானிப்பது ஓசை, கடைசிச் சொல்லின் இயைபு. பொருள் அங்கே முடியலாம், முடியாமலும் போகலாம். 55:64 ஒரே ஒரு சொல். 2:282, கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் வசனம், மதீனாவில் அச்சாகும் இன்றைய பிரதியில் 15 வரிகள் கொண்ட ஒரு முழுப் பக்கத்தை அடைத்துக்கொள்கிறது. 2:219 'நீங்கள் சிந்திப்பதற்காக' என்று முடிய, 'இம்மையையும் மறுமையையும் பற்றி' என்று 220 தொடங்குகிறது. 37:137 'காலை வேளையில் அவர்களைக் கடந்து செல்கிறீர்கள்' என்கிறது. 'இரவிலும்' என்பது 138இல். எல்லோரும் எடுத்துக்காட்டும் இடம் 107:4. 'தொழுகையாளிகளுக்குக் கேடுதான்' என்று அந்த வசனம் முடிகிறது. எந்தத் தொழுகையாளிகள்? 'தம் தொழுகையில் கவனமற்றவர்கள்' என்று 5ஆம் வசனம் சொல்கிறது. நான்கோடு நிறுத்தி மேற்கோள் காட்டினால் பொருள் தலைகீழாகிவிடும். துணைக்கண்டத்து அச்சுகளில் இப்படிப்பட்ட வசன முடிவு வட்டத்தின் மேல் 'லா' என்று சிறிதாகப் போட்டிருப்பார்கள்: பொருள் இங்கே முடியவில்லை, தொடர்ந்து போ என்பதற்கான குறி அது.

இதோடு சேர்த்து ஒரு சின்ன விஷயம். அரபுப் பிரதியில் எண் வசனத்தின் முடிவில் இருக்கும். வட்டத்துக்குள் 255 என்றிருந்தால் அதற்கு முன்னால் ஓதியதுதான் 255. மொழிபெயர்ப்புகளில் பெரும்பாலும் எண் முன்னால் வருவதால், அதே பழக்கத்தில் அரபுப் பக்கத்தைத் தொடுபவர் வட்டத்துக்குப் பின்னால் இருக்கும் வசனத்தை எடுத்துவிடுவார். ஒரு வசனம் தள்ளிப் போகும் தவறுகளில் பாதி இப்படி வருவதுதான்.

இனி அத்தியாயங்கள். பெயர்கள் உள்ளடக்கத் தலைப்புகள் அல்ல, அடையாளங்கள். அல்பகரா என்றால் பசு. 286 வசனங்களில் பசுவின் நிகழ்ச்சி 67 முதல் ஏறக்குறைய ஆறேழு வசனங்கள்தான். 112க்கு அல்இக்லாஸ் என்று பெயர். அந்தச் சொல் அந்த அத்தியாயத்தில் எங்குமே இல்லை. ஒரே அத்தியாயத்துக்கு இரண்டு பெயர்கள் இருப்பதும் சாதாரணம்: 9 அத்தவ்பா, பராஅத்; 17 அல்இஸ்ரா, பனீ இஸ்ராயீல்; 40 ஃகாஃபிர், அல்முஃமின்; 41 ஃபுஸ்ஸிலத், ஹாமீம் ஸஜ்தா; 76 அல்இன்ஸான், அத்தஹ்ர்; 111 அல்மஸத், அல்லஹப். ஸஜ்தா என்று மட்டும் சொன்னால் 32ஆ 41ஆ என்ற குழப்பம் வரும். 40இன் அல்முஃமினும் 23இன் அல்முஃமினூனும் காதுக்கு ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும். பெயரோடு எண்ணையும் எழுதிவிடுவது நல்லது.

வரிசை எப்படி? 'நீளமானது முதலில், சிறியது கடைசியில்' என்ற விளக்கத்தைத்தான் எல்லா அறிமுக நூல்களும் தருகின்றன. பொதுப்போக்கு அதுதான், ஆனால் விதி என்று சொல்ல முடியாது. முதலில், நீளத்தை வசன எண்ணால் அளக்கக் கூடாது. அஷ்ஷுஅரா (26) 227 வசனங்கள், ஆனால் அந்த மதீனா அச்சில் 10 பக்கம்தான். அன்னிஸா (4) 176 வசனங்கள், ஏறக்குறைய 30 பக்கம். பக்கத்தால் அளந்தாலும் வரிசை கலைகிறது. 3ஆம் அத்தியாயத்தைவிட 4 பெரியது. 5, 6 இரண்டையும்விட 7 பெரியது. 10 பக்கமுள்ள அல்அன்ஃபால் (8), 21 பக்கமுள்ள அத்தவ்பாவுக்கு (9) முன்னால் நிற்கிறது. ஐந்தரைப் பக்கம்கூட வராத அல்ஹிஜ்ர் (15), 14 பக்கத்துக்கு மேல் போகும் அன்னஹ்லுக்கு (16) முன்னால்.

நீளத்தைவிட வலுவான இன்னோர் ஒழுங்கு இங்கே வேலை செய்கிறது என்பது என் எண்ணம். தொடக்க எழுத்துகளைப் பாருங்கள். 10 முதல் 15 வரை ஆறும் அலிஃப்-லாம்-றா குடும்பம் (13இல் மட்டும் நடுவே ஒரு மீம்). 26, 27, 28 தா-ஸீன் குடும்பம். 29 முதல் 32 வரை அலிஃப்-லாம்-மீம். 40 முதல் 46 வரை ஏழும் ஹா-மீம். சிறியதான 15, பெரியதான 16க்கு முன்னால் ஏன் வந்தது என்பதற்கு 'தன் கூட்டத்தோடு சேர்ந்து நிற்கிறது' என்பதே எளிய பதில். ஆனால் 57, 59, 61, 62, 64 ஐந்தும் இறைவனைத் துதிக்கும் சொல்லோடு தொடங்குபவை, அவை சேர்த்து வைக்கப்படவில்லை. மனிதர்கள் தாமாக அடுக்கியிருந்தால் இவற்றையும் சேர்த்தே வைத்திருப்பார்களே என்று குர்ஆனியல் அறிஞர் சுயூத்தீ இதை ஒரு வாதமாகவே முன்வைத்தார்.

அந்த வாதம் எதற்கு? அத்தியாயங்களின் வரிசை நபி (ஸல்) அவர்கள் நேரடியாகச் சொன்னதா, தோழர்களின் முடிவா என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. நபியவர்கள் ஓர் இரவுத் தொழுகையில் அல்பகரா, அதன்பின் அன்னிஸா, அதன்பின் ஆலு இம்ரான் என்று ஓதியதாக ஹுதைஃபா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் (நபிமொழி) இமாம் முஸ்லிமின் தொகுப்பில் இருக்கிறது. இன்றைய வரிசையில் 2, 4, 3. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் சொந்தப் பிரதியும் இதே வரிசையில் தொடங்கியதாகச் சொல்லப்படுகிறது. நபியவர்களின் மறைவுக்குப் பிறகு, யமாமா போருக்குப் பின், முதல் கலீஃபா அபூபக்ர் (ரலி) காலத்தில் ஸைத் பின் ஸாபித் (ரலி) குர்ஆனை ஒன்றுதிரட்டினார். மூன்றாம் கலீஃபா உஸ்மான் (ரலி) காலத்தில், ஏறக்குறைய கி.பி. 650இல், படியெடுத்து ஊர்களுக்கு அனுப்பப்பட்ட பிரதிகளின் வரிசைதான் இன்றைக்கும் நம் கையில் இருப்பது.

ஓர் அத்தியாயத்துக்குள் வசனங்களின் வரிசை பற்றி அப்படிக் கருத்து வேறுபாடு இல்லை. வசனம் அருளப்பட்டதும் 'இன்னின்னது சொல்லப்படும் அத்தியாயத்தில் இதை வையுங்கள்' என்று நபியவர்களே எழுத்தர்களுக்குச் சொன்னார்கள் என்பது ஒருமித்த நிலை. இதில் எவ்வளவு கண்டிப்பு இருந்தது என்பதற்கு அல்பகராவில் ஓரிடம் போதும். கணவனை இழந்த பெண் காத்திருக்க வேண்டிய காலம் 2:234இன்படி நான்கு மாதம் பத்து நாள். அதற்கு ஆறு வசனம் தள்ளி 2:240இல் ஓராண்டு என்று வருகிறது. பெரும்பான்மை அறிஞர்கள் கருத்தில் ஓராண்டு என்பது முதலில் வந்த சட்டம், நான்கு மாதம் பத்து நாள் என்பது பின்னர் வந்து அதை மாற்றியது. அப்படியானால் மாற்றிய வசனம் முன்னாலும் மாற்றப்பட்டது பின்னாலும் ஏன்? மாற்றப்பட்டதை ஏன் எழுதி வைக்க வேண்டும் என்று இப்னு ஸுபைர் (ரலி) கேட்டபோது, எதையும் அதன் இடத்திலிருந்து நகர்த்த மாட்டேன் என்று உஸ்மான் (ரலி) பதில் சொன்னதாக புகாரீயின் ஹதீஸ் தொகுப்பில் பதிவாகியிருக்கிறது.

ஆகவே குர்ஆனை வரிசையாக வாசிப்பவர் கால வரிசையில் போகவில்லை. முதலில் அருளப்பட்ட ஐந்து வசனங்கள் 96ஆம் அத்தியாயத்தின் தொடக்கத்தில் கிடக்கின்றன. பிரதித் தலைப்புகளில் மக்கீ, மதனீ என்று போட்டிருப்பது (கெய்ரோப் பதிப்பின்படி 86, 28) ஊரைக் குறிப்பதில்லை, 622இன் ஹிஜ்ரத்துக்கு (நபியவர்கள் மக்காவிலிருந்து மதீனாவுக்குப் பெயர்ந்தது) முன்னா பின்னா என்பதையே குறிக்கும். ஒரே அத்தியாயத்துக்குள்ளும் காலம் கலந்திருக்கும். அல்முஸ்ஸம்மிலைத் (73) திறந்தால் பக்கத்தைப் பார்த்த மாத்திரத்தில் தெரியும்: 19 குறுகிய வசனங்கள், பிறகு 20ஆவது மட்டும் ஏறக்குறைய அரைப் பக்கம். தொடக்கம் இரவில் நெடுநேரம் நின்று தொழச் சொல்கிறது. கடைசி வசனம் முடிந்த அளவு ஓதினால் போதும் என்று இலகுவாக்குகிறது. இரண்டுக்கும் நடுவே ஓராண்டு கடந்தது என்று ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள்.

பிஸ்மில்லாஹ் பற்றிச் சுருக்கமாக: 9ஆம் அத்தியாயத்துக்கு முன்னால் மட்டும் இல்லை, 27:30இல் ஸுலைமான் நபியின் கடிதத்துக்குள் ஒன்று கூடுதலாக இருக்கிறது, மொத்தம் 114. 8ஐ முடித்து 9க்குள் போகும்போது பழக்கத்தில் அதைச் சேர்த்து ஓதிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

இதுவரை சொன்னது நூலின் சொந்த அமைப்பு. ஜுஸ்உ, ஹிஸ்பு, மன்ஸில், ருகூவு, பக்கம் என்பவை அதன்மேல் ஓதுபவர்கள் வசதிக்காக வைத்த அளவுகோல்கள். உஸ்மான் (ரலி) காலத்துப் பிரதிகளில் இவை எதுவும் கிடையாது. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் பொருள் பாதியில் அறுந்துபோகிறது.

ஜுஸ்உ என்பது முழு நூலையும் 30 பங்காக, எழுத்துகளை எண்ணி ஏறக்குறையச் சமமாக வெட்டியது. அளவு சமம், பொருளைப் பற்றிக் கவலையில்லை. 5ஆவது ஜுஸ்உ 4:24இல் தொடங்குகிறது. திருமணம் செய்யக் கூடாத பெண்களின் பட்டியல் 4:23இல் ஓடிக்கொண்டிருக்கிறது. 24இன் முதல் சொற்கள் அந்தப் பட்டியலின் அடுத்த உருப்படி. முந்தைய வசனம் இல்லாமல் அந்த வாக்கியத்துக்கு வினையே கிடையாது. 13ஆவது ஜுஸ்உ 12:53இல், ஒருவர் பேசிக்கொண்டிருக்கும் பேச்சின் நடுவே தொடங்குகிறது. இந்த இரண்டு இடங்களையும் பெயர் சொல்லியே 13ஆம் நூற்றாண்டு அறிஞர் நவவீ எச்சரித்திருக்கிறார்: ஜுஸ்உ எல்லையைப் பார்த்து நிறுத்தாதே, பேச்சு முடியும் இடத்தைப் பார்த்து நிறுத்து.

எல்லைகள்கூட எல்லா அச்சிலும் ஒன்றல்ல. 4ஆவது ஜுஸ்உ மதீனா அச்சில் 3:93, துணைக்கண்டத்து அச்சில் 3:92. 7ஆவது 5:82, 5:83. 11ஆவது 9:93, 9:94. 14ஆவது 15:1, 15:2. 20ஆவது 27:56, 27:60. 21ஆவது 29:46, 29:45. 23ஆவது 36:28, 36:22. இருவேறு அச்சு வைத்திருக்கும் இருவர் 'இன்று 22 முடித்தேன், நாளை நீ 23' என்று பங்கிட்டுக்கொண்டால், யாஸீனில் (36) ஆறு வசனங்கள் விட்டுப்போகவோ இரண்டு முறை ஓதப்படவோ வழியுண்டு.

கால்பங்கு என்ற கணக்கிலும் இதே ஆபத்து. அரபு அச்சுகளில் ஒரு ஜுஸ்உவுக்கு இரண்டு ஹிஸ்பு, ஒரு ஹிஸ்புவுக்கு நான்கு ருபுஉ, மொத்தம் 240. ஆக அங்கே ருபுஉ என்பது ஜுஸ்உவில் எட்டில் ஒன்று. துணைக்கண்டத்து அச்சின் ஓரத்தில் ருபுஉ என்றிருந்தால் அது ஜுஸ்உவில் நான்கில் ஒன்று. மனனப் பாடம் வாங்கும் மாணவர் புத்தகம் மாற்றினால் பாடத்தின் அளவும் இரட்டிப்பாகும் அல்லது பாதியாகும்.

மன்ஸில் ஏழு, வாரத்தில் முடிப்பதற்கு. இதன் அழகு, அத்தியாயத்தை வெட்டாதது. ஃபாத்திஹாவை விட்டுவிட்டு 3, 5, 7, 9, 11, 13 என்று அத்தியாயங்களை எண்ணுங்கள்: 2–4, 5–9, 10–16, 17–25, 26–36, 37–49, மீதி 50 முதல் கடைசிவரை. எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், ஒற்றைப்படை எண்கள் போதும். இதற்குக் கொடுக்கும் விலை அளவு சமமின்மை: முதல் நாள் 106 பக்கம், இரண்டாம் நாள் நூறைத் தாண்டும், ஆறாம் நாள் 72தான்.

ருகூவு என்னும் பத்திப் பிரிவு துணைக்கண்டத்து அச்சுகளில் மட்டும்தான். பெரும்பாலான பதிப்புகளில் 558. ஓரத்தில் ஐன் எழுத்தும் அதோடு மூன்று எண்களும் இருக்கும்: மேலே இருப்பது இந்த அத்தியாயத்தில் எத்தனையாவது ருகூவு, நடுவில் இந்த ருகூவில் எத்தனை வசனம், கீழே இந்த ஜுஸ்உவில் எத்தனையாவது. மேலெண்ணையும் கீழெண்ணையும் மாற்றிப் படிப்பவர்கள் ஏராளம். ரமலான் இரவுகளின் தராவீஹ் தொழுகையில் ஒரு ரக்அத்துக்கு (தொழுகையின் ஒரு சுற்று) ஒன்றாக 20 ரக்அத், 27 இரவு என்று 540 கணக்கிட்டு இது உருவானதாகச் சொல்வதுண்டு. எப்படி வந்ததானாலும், எல்லா அளவுகளிலும் பொருளை மதித்துப் பிரித்தது இதுதான். ஒரு செய்தி முடியும் இடம் பார்த்தே பெரும்பாலும் எல்லை போட்டிருக்கிறார்கள். பொருளறிந்து படிக்க ருகூவு, மாதத்தில் முடிக்க ஜுஸ்உ என்று நான் சொல்வேன்.

பக்கம்: எழுத்துக்கலைஞர் உஸ்மான் தாஹா எழுதி மதீனாவில் அச்சாகும் பிரதியில் 604 பக்கம், பக்கத்துக்கு 15 வரி, எந்தப் பக்கமும் வசனத்தின் நடுவே முடியாது. ஒரு ஜுஸ்உ 20 பக்கம், எனவே ஐவேளைத் தொழுகைக்குப் பின்னும் நான்கு பக்கம் ஓதினால் மாதத்தில் முடியும். ஜுஸ்உ தொடங்கும் பக்கத்தைக் கண்டுபிடிக்க, அதன் எண்ணில் ஒன்றைக் கழித்து 20ஆல் பெருக்கி 2 கூட்டுங்கள். 18ஆவதுக்கு 342. முதல் ஜுஸ்உ போக, இந்தச் சூத்திரம் இரண்டே இடத்தில் பிசகும்: 7ஆவது 122இல் வர வேண்டியது 121இல், 11ஆவது 202இல் வர வேண்டியது 201இல். காரணம் மேலே சொன்ன எல்லை வேறுபாடுதான். 5:83, 9:94 ஆகிய இரண்டும் சரியாக 122, 202ஆம் பக்கங்களின் தலையில் நிற்கின்றன. மதீனா அச்சு ஒரு வசனம் முன்னதாக எல்லை போட்டதால் அது முந்தைய பக்கத்தின் அடியில் விழுந்துவிட்டது.

ஸஜ்தா வசனங்கள் (ஓதியதும் சிரம் தாழ்த்தும் இடங்கள்) அச்சில் 15 இடத்தில் குறிக்கப்பட்டிருக்கும். ஷாஃபிஈ, ஹனஃபீ ஆகிய இரு சட்ட மரபுகளிலும் 14தான், ஆனால் அதே 14 இல்லை: 22:77ஐ ஷாஃபிஈ எடுக்கிறது, 38:24ஐ ஹனஃபீ எடுக்கிறது.

கடைசியாக, ஒரு நூலில் கொடுத்த எண்ணுக்குப் போனால் வேறு செய்தி இருக்கிறது என்ற நிலை. முதலில் பிழை ஒன்றா, பலவா என்று பாருங்கள். எல்லா இடத்திலும் சரியாக ஒன்று கூடுதலாக வந்தால், அந்தப் பதிப்பு ஒவ்வோர் அத்தியாயத்தின் பிஸ்மில்லாஹ்வையும் முதல் வசனமாக எண்ணுகிறது. ஆயத்துல் குர்ஸி அதில் 2:255க்குப் பதில் 2:256 ஆகியிருக்கும், 1, 9 ஆகிய இரு அத்தியாயங்களில் மட்டும் எண் மாறாது. இதை வைத்தே உறுதி செய்துகொள்ளலாம். வித்தியாசம் ஓர் அத்தியாயத்தில் ஒன்றாகவும் இன்னொன்றில் நான்காகவும் அலைந்தால், அது வர்ஷ் பிரதியாக இருக்கலாம், அல்லது 1834இல் லைப்ஸிக்கில் ஃப்ளூகல் அச்சிட்ட பதிப்பின் எண்களைப் பின்பற்றும் பழைய ஐரோப்பிய நூலாக இருக்கலாம். அப்போது கூட்டல் கழித்தல் உதவாது. கொடுத்த எண்ணுக்கு மேலும் கீழும் ஐந்தாறு வசனங்களைப் படித்து, பொருளை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.